ஆடு என்றால் எந்த ஆடு?

வேல்விழிக்கு வரையத் தெரியும், வேதம் தெரியாது. அவளுடைய நாத்தனார் ஜெபமலருக்கு வேதம் தெரியும், ஒரு கோடு நேராகப் போட வராது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் போட வேண்டும் என்று கர்த்தர் நினைத்தாரா, வேல்விழியின் புருஷன் ஆனந்தராஜ் நினைத்தானா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நினைத்தாகிவிட்டது. வேலையும் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் உதடும் தீட்டுகிறவள் வேல்விழி. அந்தப் பொம்மைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப்போகிறவன் ஆனந்தராஜ். இரண்டு பேரும் மதம் தாண்டிக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அவன் அப்பா ஆசீர்வாதம், "இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவர் கொடி அசைத்தால்தான் ரயிலே நகரும் என்று பழகிப்போனவர். பேத்தி தமிழினி பிறந்து இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கொடி அசையவில்லை.

ஜெபமலர் அப்பாவோடு இருந்தாள். வார நாட்களில் ஒன்றாம் வகுப்பு டீச்சர், ஞாயிறுகளில் சபையின் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். பொய் சொல்லாதே, பங்கிட்டுச் சாப்பிடு, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று பிள்ளைகளுக்கு அவள் சொல்லிவந்த கதைகளை, குழந்தைகளுக்கென்றே கொண்டாடும் பாலர் ஞாயிறு வருவதற்குள் புத்தகமாகப் போடச் சபைக் கமிட்டி ஒத்துக்கொண்டது. படம் போடுகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். "என் பொண்டாட்டி போடுவா, காசு வேணாம்" என்று தம்பி முன்வந்தான்.

ஜெபமலர் ஒரு நிபந்தனை போட்டாள். யார் வரைந்தது என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அட்டையில் 'ஓவியம்: ஒரு சகோதரி' என்றுதான் வரும்.

வேல்விழி சரி என்றாள். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. எத்தனையோ பொம்மைகளுக்குக் கண் திறந்திருக்கிறாள், ஒன்றின் அடியிலும் அவள் பெயர் இருந்ததில்லை. ஒரு புத்தகத்திலாவது இருக்கும் என்று ஆசைப்பட்டது தப்பா?

அந்தச் சனிக்கிழமை காலையில், ஆனந்தராஜ் பண்ருட்டிக்கு லோடு எடுத்துக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில், வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. எட்டிப் பார்த்த வேல்விழிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெபமலர்! கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஜெபமலர்.

"வாங்கண்ணி. உள்ள வாங்க."

"படம் முடிஞ்சிட்டுதுன்னு தம்பி சொன்னான். நானே வாங்கிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. என்றைக்குமே கூப்பிட்டதில்லை. தம்பியிடம் பேசும்போதுகூட 'உன் வூட்ல' என்றுதான் சொல்லுவாள்.

பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஜெபமலர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பொய் சொன்ன பொன்மணிக்கு மூக்கு சிவந்திருந்தது. மிட்டாயைப் பங்கு போட்ட தங்கச்சிக்குப் பல் ஒன்று விழுந்திருந்தது. ஜெபமலரின் உதட்டோரம் லேசாக இளகியது. வேல்விழி காபிக்குப் பால் வைத்துவிட்டு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கதை வந்தது. நூறு ஆடு வைத்திருந்த மேய்ப்பன், தொலைந்துபோன ஒன்றைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்து, கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வரும் கதை. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார் மேய்ப்பர்.

"மேய்ப்பர் நம்மூரு ஆளாட்டம் இருக்காரு. புள்ளைங்களுக்குப் புடிக்கும்" என்றவள், சட்டென்று படத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள்.

"இது என்ன?"

"ஆடுண்ணி."

"தாடி வச்சிருக்குது?"

"ஆட்டுக்குத் தாடி இருக்கும்ல."

"வாலைத் தூக்கிக்கினு நிக்கிது. கொம்பு வேற. இது வெள்ளாடு!"

"ஆமாண்ணி. கறுப்பு, செவலை, புள்ளி, எல்லாம் கலந்து போட்டேன். ஒரே கலரா இருந்தா நல்லா இருக்காதேன்னு."

ஜெபமலர் எழுந்தே விட்டாள். "நக்கல் பண்றியா? யாருனா சொல்லிக் குடுத்தாங்களா?"

வேல்விழிக்கு ஒன்றும் புரியவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணி, நீங்க ஆடுன்னுதான எழுதிக் குடுத்தீங்க?"

"ஆடுன்னா செம்மறி! எங்க சபையில சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும். கடைசி நாள்ல செம்மறிய வலப்பக்கமும் வெள்ளாட்ட எடப்பக்கமும் நிறுத்துவாருன்னு வேதத்துல இருக்குது. எடப்பக்கம்னா தள்ளுபடி. நீ என்னடான்னா நூறு வெள்ளாட்ட மேய விட்டுருக்க!"

வேல்விழியின் அப்பாவுக்கு, விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஊர். அந்த வீட்டில் ஆடு என்றால் வெள்ளாடுதான். மற்றதைச் செம்மறி என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சபையிலோ ஆடு என்றால் செம்மறிதான், மற்றதைத்தான் வெள்ளாடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். எழுதியவள் மேலும் தப்பில்லை, வரைந்தவள் மேலும் தப்பில்லை. இரண்டு மிருகத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நம் தமிழைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஆனால் ஜெபமலர் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. அச்சகக்காரர் அப்துல் மாலிக்குக்கு போன் போட்டாள்.

"பாய், இன்னும் ரெண்டு நாள் தள்ளிக் குடுக்கலாமா?"

"ஐயோ டீச்சர், சாயங்காலத்துக்குள்ள வந்தாத்தான் பைண்டிங் முடிச்சி அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தர முடியும். கல்யாணப் பத்திரிகை வேற குமிஞ்சி கெடக்குது. என்ன ஆச்சி?"

"ஆடு மாறிப்போச்சி."

"ஆடுதான? எந்த ஆடா இருந்தா என்னங்க, எங்க வூட்டுப் பிரியாணியில ரெண்டும் ஒண்ணுதான்!"

வேறு நாளாக இருந்தால் ஜெபமலர் சிரித்திருப்பாள். போனை வைத்துவிட்டு, படங்களை அடுக்கினாள். "இந்தக் கதைக்கு நெட்ல இருந்து எடுத்துப் போட்டுக்கறேன். அப்படிப் போட்டா எல்லாத்துக்கும் அதுவே போட்டுடலாம், ஒரே மாதிரி இருக்கும். நீ சிரமப்பட்டதுக்கு தேங்க்ஸ்."

அவ்வளவுதான். பெயர்தான் வராது என்று இருந்தவளுக்கு இப்போது படமும் போயிற்று. அதைவிட, ஒரு நிமிஷம் முன்னால் இளகிய அந்த உதடு மறுபடி இறுகிப்போனதுதான் வேல்விழியைச் சுட்டது. இந்த வாசலைத் தாண்டி ஜெபமலர் போய்விட்டால் திரும்ப வரமாட்டாள்.

வேல்விழி படக்கட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "குடுங்கண்ணி. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் செம்மறியாக்கித் தரேன்."

"நூறு ஆட்டையா?"

"எங்க யூனிட்ல ஒரு நாளைக்கு எவ்ளோ பொம்மை முடிக்கிறோம்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க பக்கத்துல உக்காந்து, இது செம்மறி, இது இல்லன்னு மட்டும் சொல்லுங்க. தப்புப் பண்ண மாட்டேன்."

ஜெபமலர் ஸ்கூட்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, நாற்காலியில் இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வேல்விழி படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பொம்மை யூனிட்டில் யாரும் ஒரு பொம்மையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதில்லை. முதலில் வரிசையில் இருக்கிற அத்தனைக்கும் கண் வெள்ளை, பிறகு அத்தனைக்கும் கருமணி, பிறகு உதடு. கை ஒரே வேலையில் ஓடினால்தான் வேகம் வரும். அப்படியேதான் இங்கேயும். முதல் சுற்றில் எல்லாக் கொம்புகளும் போயின. அடுத்த சுற்றில் தாடிகள். அதற்கடுத்த சுற்றில், தூக்கிக்கொண்டு நின்ற வால்கள் எல்லாம் பயந்துபோனது போலக் கீழே தொங்கின.

"இந்தக் காது?" என்று கேட்டாள் வேல்விழி.

"கொஞ்சம் சின்னதா இருக்கட்டும். ஆ, அப்படித்தான்."

"ரோமம் சுருட்டையா வரணும்ல?"

"ஆமா. மேலெல்லாம்."

சுருட்டைதான் நேரத்தை விழுங்கியது. வேல்விழி சுருள் சுருளாகப் போட்டுக்கொண்டே போனாள். பார்த்துக்கொண்டிருந்த ஜெபமலர் மெல்லத் தரையில் இறங்கி, இன்னொரு பிரஷைக் கையில் எடுத்தாள். அவள் போட்ட சுருள்கள் ஜாங்கிரி மாதிரி வந்தன.

"கேவலமா இருக்குதா?"

"தூரத்து ஆட்டுக்கு அது போதும் அண்ணி. கிட்டக்க இருக்கறத நான் பாத்துக்கறேன்."

ஜெபமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூரத்து ஆடுகளிடம் போனாள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் ஜெபமலர். "காசும் வேணாம்ன, பேரு வராதுன்னதுக்கும் சரின்ன. அப்புறம் எதுக்கு இவ்ளோ கஷ்டப்படற?"

வேல்விழி ஒரு ஆட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தமிழினி மொத வகுப்புல எழுத்தப் பாத்தாலே அழும் அண்ணி. புக்கத் தொறந்தா காய்ச்சல் வந்துடும். டீச்சரு என்னைக் கூப்பிட்டு, புள்ளைக்கு ஏதோ குறை இருக்குது, டாக்டர்ட்ட காட்டுங்கன்னாங்க. அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அந்த நேரத்துல, அவரு கொண்டுபோய் வுடுற ஓய்வுநாள் பள்ளியில நீங்க ஒரு படப் புக்கு குடுத்தனுப்பினீங்க. படத்தப் பாத்துப் பாத்து, கீழ என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சிக்கணும்னு அதுவா எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிது. ஒரு மாசத்துல என் புள்ள படிச்சிட்டுதுண்ணி."

"நான் எல்லாப் புள்ளைக்கும்தான் குடுத்தேன்."

"நீங்க எல்லாருக்கும் குடுத்தீங்க. எனக்கு என் புள்ளையத் திருப்பிக் குடுத்த மாதிரி இருந்துச்சி. உங்க கிட்ட வந்து தேங்க்ஸ் சொல்லணும்னு எத்தனையோ நாள் உங்க சபைக் கோயில் வாசல் வரைக்கும் வந்திருக்கேன். நீங்க மூஞ்சத் திருப்பிக்குவீங்களோன்னு பயந்து திரும்பிடுவேன். படம் போடுறியான்னு அவரு கேட்டப்ப, கும்புட்ட சாமியே வந்து கேட்ட மாதிரி இருந்துது."

ஜெபமலர் குனிந்து ஜாங்கிரி போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் மூக்குக் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்ததை வேல்விழி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கனத்துப்போன பேச்சை லேசாக்க வேண்டும் என்று, "அந்தப் புக்குல எடுத்ததத் திருப்பிக் குடுன்னு ஒரு கதை வரும்ல?" என்றாள்.

"ஆமா."

"தமிழினி பக்கத்து வூட்டுக் கொய்யாவைப் பறிச்சித் தின்னுட்டா. கதையப் படிச்சதும் திருப்பிக் குடுக்கணும்னு ஒரே அழுகை. பழம்தான் வயித்துல இருக்குதே? அதுக்காக, மறுபடி ஒண்ணப் பறிச்சித் தின்னு, அதுல இருந்த வெதைய எல்லாம் கழுவி, பேப்பர்ல மடிச்சி, அந்த அக்கா கையில கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தா!"

ஜெபமலர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் பிரஷ் வழுக்கி, ஒரு செம்மறிக்கு மீசை முளைத்துவிட்டது. அதைப் பார்த்து இருவரும் இன்னும் சிரித்தார்கள். நாம் இத்தனை நேரமாகக் காத்திருந்தது இந்தச் சிரிப்புக்குத்தான். இருந்தாலும் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம், கடைசிப் படம் பாக்கி இருக்கிறது.

கடைசிப் படத்தில் மேய்ப்பர், கிடைத்த ஆட்டைத் தோளில் சுமந்து வருகிறார். அதன் நீளக் காது அவர் கன்னத்தில் படிந்திருக்கிறது. அவர் விரல்கள் அதன் தாடிக்குள் புதைந்திருக்கின்றன. ஆட்டின் கண்ணில் இன்னும் பயம் போகவில்லை, அவர் கண்ணில் மட்டும் சந்தோஷம். கண் தீட்டியே கை பழகியவள் போட்ட கண்கள் அவை.

தாடியை எடுத்தால் விரல் போகும். காதை எடுத்தால் கன்னம் போகும். வேல்விழி ஓர் ஓரத்தில் வெள்ளையை வைத்துப் பார்த்தாள். மேய்ப்பர் முகத்தில் தேமல் போலப் படர்ந்தது. பதறிப்போய் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

"புதுசா போடணும் அண்ணி. ஆனா இந்த முகம் மறுபடி வருமான்னு தெரியல."

மறுபடி பிரஷை வெள்ளையில் தோய்த்தாள். ஜெபமலர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு."

"அண்ணி?"

"அத மாத்தாத."

"இது வெள்ளாடு அண்ணி. நீங்கதான தள்ளுபடின்னு..."

"நான்தான் சொன்னேன். அதுக்கு இப்ப என்ன?" ஜெபமலர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தன் கதைத்தாளைத் தொடைமேல் வைத்து, முதல் வரியை அடித்துவிட்டு எழுதினாள். எழுதியதை ஒன்றாம் வகுப்புக்குப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"ஒரு மேய்ப்பனிடம் தொண்ணூற்றொன்பது செம்மறிகளும் ஒரு வெள்ளாடும் இருந்தன. எண்ணும்போதெல்லாம் அவன் நூறு என்றுதான் எண்ணுவான்."

வேல்விழி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கிறிஸ்தவள் இல்லை, கோயில் வாசலைத் தாண்டி உள்ளே போனவளும் இல்லை. ஆனாலும் அந்த நூறில் தானும் இருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. நாத்தனாரின் பெயின்ட் படிந்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏய், சாயம்! கண்ணுல படப்போவுது" என்றாள் ஜெபமலர்.

லோடு இறக்கிவிட்டு வந்த ஆனந்தராஜ், அக்கா தன் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். "வண்டியத் திருப்பி வை, பிரஸ்ஸுக்குப் போவணும்" என்றாள் ஜெபமலர், அவன் ஆச்சரியப்படக்கூட நேரம் கொடுக்காமல். பிறகு கடைசிப் படத்தைக் கைபேசியில் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். சபைக் கமிட்டியில் ஆசீர்வாதம் பார்க்காமல் ஒரு துண்டுத்தாள்கூட அச்சாகாது.

அனுப்பிய வேகத்தில் போன் அடித்தது. கையெல்லாம் சாயம் என்பதால் ஜெபமலர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா இது, வெள்ளாட்டத் தூக்கினு வராரு?"

ஜெபமலர் புது வரிகளைப் படித்துக் காட்டினாள்.

"போதகர் ஐயா என்ன சொல்லுவாரு?" என்றார் ஆசீர்வாதம்.

"கேக்கணும்ப்பா. நான் பேசிக்கறேன்."

"ம். அந்த ஆட்டோட கண்ணப் பாத்தேன். பாத்துக்கினே இருந்தேன். யாரும்மா போட்டது?"

ஜெபமலர் தம்பியைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். 'ஒரு சகோதரி' என்ற பதில் தயாராக இருக்கவே இருக்கிறது. பொய்யும் இல்லை.

"வேல்விழிப்பா" என்றாள் ஜெபமலர். "நம்ம வேல்விழி."

முதல் தடவையாக அந்த வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டவள் நிமிரவே இல்லை. போனில் ஆசீர்வாதம் இருமும் சத்தம் கேட்டது.

"அட்டையில என்ன போட்டுருக்க?"

"ஒரு சகோதரின்னு."

"எந்தச் சகோதரி? பேரு இல்லாத சகோதரியா? புள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதன்னு கதை எழுதற, அட்டையிலயே மறைக்கிற. பேர முழுசா போடச் சொல்லு. எழுத்துப் பிழை இல்லாம."

"சரிப்பா."

"அந்தப் பொண்ணு நம்பர அனுப்பு."

"எதுக்குப்பா?"

"அனுப்புன்னா அனுப்பு." இணைப்பு அறுந்தது.

ஆனந்தராஜ் அக்காவின் கையைப் பிடித்தான். "திட்டுவாருக்கா. அவளப் பேச விடாத, என் நம்பரக் குடு." ஜெபமலர் அவனைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சாயம் படிந்த விரலாலேயே எண்ணைத் தட்டி அனுப்பினாள்.

அடுப்படி மேடையில் இருந்த வேல்விழியின் போன் ஒலித்தது. புது எண். எடுத்துக் காதில் வைத்தாள்.

"நான் ஆசீர்வாதம் பேசறேன்" என்றது அந்தக் குரல். சற்றுப் பொறுத்து, "தமிழினி தாத்தா" என்றது.

"சொல்லுங்க மாமா."

"படம் ரொம்ப நல்லா இருக்குதும்மா." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. எத்தனையோ ரயில்களுக்குப் போகலாம் என்று கொடி காட்டிய அந்த மனுஷர், அனுமதி கேட்டுப் பழக்கமில்லாததால் வார்த்தை தேடித் தடுமாறினார். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும், உங்க வூட்டுக்கு நான் ஒரு எட்டு வரலாமாம்மா?"